நலச்சங்க நிர்வாகிகளைப் பதவியிலிருந்து நீக்க முடியுமா?

கொடுங்கையூரில் உங்கள் தெரு நலச்சங்கத் தலைவரும் பொருளாளரும் தேர்தலே வைக்காமல் 5 வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள், கணக்கும் காட்டவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சங்கம் பதிவானது என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 பொருந்தும். அதன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. திரும்பவும் அவர்களே வரலாம், ஆனால் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்துத்தான் வரவேண்டும். அதனால் உங்கள் விஷயத்தில் நீக்குவதைவிடத் தேர்தல் கேட்பதுதான் நேர்வழி.

பதவிக்காலம் முடியும் முன்பே நீக்குவதென்றால் சங்கத்தின் விதிமுறைகளான பைலாவை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். சிறப்புப் பொதுக்குழு கூட்ட எத்தனை பேர் கையெழுத்து, எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை பேர் வந்தால் கோரம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வியாசர்பாடியில் நாங்கள் சறுக்கியது இங்கேதான். ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் கூடி, கை தூக்கி, செயலாளரை நீக்கினோம். நோட்டீஸில் அவரை நீக்கும் விஷயமே இல்லை. கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட்ஸ் புத்தகமும் அவர் வீட்டு பீரோவில்! நான்கு மாத உழைப்பு வீணானது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

எனவே தீர்மானத்தை நோட்டீஸிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நீக்கப்படுபவருக்கும் பேச வாய்ப்பு கொடுங்கள். புதுக் குழு வந்ததும், நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள்.

கணக்கு மட்டும் வரவே இல்லையா? மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, அதே சட்டத்தின் 36-வது பிரிவின்கீழ் விசாரணை கேட்டுப் பதிவாளரிடம் மனு கொடுங்கள்.