ஃபிளாரன்ஸ் நகரச் சுவரோவியங்களை ஏன் ஃபிரெஸ்கோ என்கிறார்கள்?

ஃபிரெஸ்கோ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் புதியது என்று பொருள். சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள், தண்ணீரில் குழைத்த நிறப்பொடியால் அதன்மேல் வரைவதுதான் இது. பசை தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. ஈரச் சிமென்ட் தரையில் நாய் மிதித்த தடம் அப்படியே நின்றுவிடும் அல்லவா, அதுபோல.

அதனால் அன்றைக்கு வரைய முடிகிற அளவுக்கே பூசுவார்கள். அந்த ஒருநாள் பங்குக்கு 'ஜோர்னாட்டா' என்று பெயர். ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் 1420-களில் ஓவியர் மசாச்சோ வரைந்த சுவர்களிலும் ஒருநாள் பூச்சு மறுநாள் பூச்சைத் தொடும் மெல்லிய விளிம்புகள் உண்டு. 600 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அன்றைய வேலையை எங்கே நிறுத்தினார் என்று காட்டும் அந்தக் கோட்டைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

சுவரில் இருப்பதெல்லாம் ஃபிரெஸ்கோ என்று நினைக்க வேண்டாம்: மிலானில் லியோனார்டோ தீட்டிய 'கடைசி இராவுணவு' காய்ந்த சுவரில் வரைந்தது, அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது.