கழுத்து வலிக்குக் கல் மேஜை தீர்வா?

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே டிவி போர்டு, எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறேன். பழைய சாப்பாட்டு மேஜைதான் பட்டறை. சாயங்காலமானால் கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன, கண் எரிகிறது. தெரிந்த கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்ட கறுப்புப் பலகை ஒன்று சும்மா தருகிறார்கள். அதைப் போட்டு மேஜை கட்டலாமா?

பதில்: தம்பி, கல் அப்புறம். முதலில் உயரத்தைப் பார்ப்போம். சாப்பாட்டு மேஜை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். சாப்பிட அது சரி. போர்டின் மேலேயே ஒட்டுகிற, 1.6 மி.மீ. நீளமே உள்ள எஸ்எம்டி ரெசிஸ்டரை வைத்து ஒட்டப் போதாது. கண் போர்டைத் தேடிக் குனிகிறது, நாலைந்து கிலோ எடையுள்ள தலையைக் கழுத்து மணிக்கணக்காகத் தாங்குகிறது.

ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். மேஜை அதைவிட 5 முதல் 10 செ.மீ. உயரமாக இருக்கட்டும்; நுண்ணிய வேலைக்கு அதுதான் கணக்கு. கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினாலே போதும். போர்டை விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் முன்கை மேஜையில் படியும், தோள் பாரம் இறங்கும்.

இன்னொன்று. எங்கள் தர்மபுரிப் பக்கம் நான் பார்க்கிற வீட்டுப் பட்டறைகளில் மேஜைக்கு அடியில் பழைய டிவியும் யூபிஎஸ்ஸும் அடுக்கிக் கிடக்கும். முட்டி உள்ளே போகாது. ஆள் தள்ளி உட்கார்ந்து எட்டி எட்டி வேலை செய்வார். உங்கள் மேஜைக்கு அடியிலும் அப்படி இருந்தால் இன்றைக்கே காலி செய்யுங்கள். கால் தரையில் பதியாவிட்டால் ஒரு மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கிரானைட் வேண்டாம். பாலிஷ் கல், விளக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணிலேயே அடிக்கும். கழற்றிய ஸ்க்ரூ துள்ளி ஓடும். டிவி பேனலின் முனை லேசாகத் தட்டினாலே விரிசல்தான். 19 மி.மீ. பிளைவுட் போட்டு, மேலே ஈஎஸ்டி மேட் விரியுங்கள்; உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் எர்த்துக்கு இறக்கிவிடும் விரிப்பு அது. மேட்டின் எர்த் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட் சப்ளை ஓடுகிற போர்டில் வேலை செய்யும்போது மட்டும், மணிக்கட்டில் கட்டி எர்த்தோடு இணைக்கிற ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள்.

கண் எரிச்சலுக்கு, சால்டர் பிடிக்க உதவும் பிளக்ஸின் புகையும் காரணமாக இருக்கலாம். பிளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற பிசின் புகையை நாள்பட சுவாசித்தால் ஆஸ்துமாவே வரலாம், இதில் அலட்சியம் வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் ஃபேன் இல்லாமல் முடியாதுதான். ஆனால் தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் புகையை முகத்துக்கே தள்ளும், சால்டரிங் அயர்ன் முனையையும் ஆறவைக்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை, புகையை இழுத்து ஜன்னல் பக்கம் தள்ளுகிற மாதிரி, வேலைக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். விளக்கு இரண்டு பக்கமும் இருந்தால் கை நிழல் போர்டில் விழாது.

அந்த மேஜையில் இப்போதும் யாராவது சாப்பிட்டால் உடனே நிறுத்துங்கள். 60/40 சால்டரில் 40 சதவீதம் காரீயம், அது நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கல்லுக்குச் செலவழிக்க நினைத்த ஆள்கூலியில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வாங்குங்கள். மேஜைக்கான மொத்த சப்ளையும் அது வழியாக வரட்டும். ஆஃப் செய்யும் சுவிட்ச், எழுந்திருக்காமலே இடது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.