‘ஜியெ’ ஒன்று, ஆங்கிலத்தில் பல: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சீன மொழி பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்கள் கேட்டவை இவை. எல்லாமே கெட்ட பழக்கத்தை விடுவது பற்றிய தொடர்கள்.

கே: மேடம், என் மாணவர்கள் ‘கிவ் அப் ஸ்மோக்’ என்றே எழுதுகிறார்கள். திருத்தியும் மாறவில்லை.

ப: சீனத்தில் ‘ஜியெ யென்’ என்பார்கள். ‘ஜியெ’ என்றால் விடுவது. ‘யென்’ என்பது புகை, சிகரெட் இரண்டுக்கும் பொதுவான பெயர்ச்சொல். அதை அப்படியே கொண்டுவருகிறார்கள். ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’ என்று முழுதாக வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். ‘ஸ்டாப் டு ஸ்மோக்’ வந்தால் மட்டும் உடனே விளக்குங்கள். சிகரெட் பிடிப்பதற்காக வேலையை நிறுத்தினார் என்று பொருள் தலைகீழாகிவிடும்.

கே: ‘கோல்டு டர்க்கி’ என்றால் வான்கோழி எங்கே வந்தது என்கிறார்கள்.

ப: பிறப்புக் கதைகள் பல உண்டு, எதுவும் உறுதியாகவில்லை. கதையை விடுங்கள், பயன்பாட்டைப் பிடியுங்கள். சிகரெட், மது, போதைப்பொருள் எதை விட்டாலும் சீனத்தில் ‘ஜியெ’ போதும். எப்படி விட்டார் என்பதற்கு ஆங்கிலத்தில் தனித்தனித் தொடர்கள் இருக்கின்றன. ஒரேயடியாக விட்டால் ‘கோல்டு டர்க்கி’. படிப்படியாக என்றால் ‘வீன் ஆஃப்’. குழந்தையைப் பால் மறக்கவைப்பதிலிருந்து வந்தது, சீனத்திலும் ‘துவான் நாய்’ என்று அதற்குச் சொல் இருப்பதால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ‘கட் டவுன்’ என்றால் குறைத்திருக்கிறார், விடவில்லை. ஒரே ஆளின் கதையாகப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. பல வருடக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் துணை வேண்டும். ‘கோல்டு டர்க்கி’யைப் பாராட்டும் தொனியில் கற்பிக்காதீர்கள்.

கே: ‘ஆன் தி வேகன்’?

ப: அமெரிக்கத் தெருக்களில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்த குதிரை வண்டிதான் அந்த ‘வேகன்’. வண்டியில் இருந்தால் குடிப்பதில்லை, விழுந்தால் மறுபடி குடிக்கிறார். பெரும்பாலும் மதுவுக்குத்தான்.

கே: ‘தங்கப் பாத்திரத்தில் கை கழுவினார்’ என்று ஒரு மாணவி எழுதினாள்!

ப: ‘ஜின் பென் ஷி ஷோ’ என்ற சீனத் தொடர் அது. ரவுடித் தொழிலை விட்டு விலகுவதற்குச் சொல்வது; சிகரெட்டுக்கு அங்கேயே பொருந்தாது. ஆங்கிலத்தில் கை கழுவுவது நம் ‘கைகழுவிவிட்டான்’ மாதிரி, பொறுப்பை உதறுவது. அவளுக்கு ‘கிக் தி ஹாபிட்’ கொடுங்கள். பேச்சுக்குச் சரி, தேர்வுக் கட்டுரையில் ‘க்விட்’ போதும்.