யாருக்கும் தெரியாத இடமா?

கேள்வி: அடுத்த மாதம் முதல்முறையாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறேன். நான்கு நாள் இருப்பேன். எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்கள் எனக்கு அலுத்துவிட்டன. யாருக்கும் தெரியாத பேட்டைகளையும் ஒளிந்திருக்கும் அழகுகளையும் எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த நகரத்துக்கும் பொருந்துகிற மாதிரி சொல்லுங்கள். முடிந்தால் பத்து இடங்களைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள்.

பதில்: முதலில் ஒரு சின்னச் சண்டை. "யாருக்கும் தெரியாத" என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு? அந்தத் தெருவில் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டு, மாலையில் அதே வாசலில் பைக்குள் சாவியைத் துழாவுகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். யாருமே போகாத இடம் வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டும். நீங்கள் கேட்பது இன்னொருவர் குடியிருக்கும் இடத்துக்குள் போக வழி. அதற்கு வழி இருக்கிறது. பட்டியல் மட்டும் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்கு ஒரு பேருந்துக் கதை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் 116 என்று ஒரு சின்னப் பேருந்து ஓடுகிறது. மேட்டில் இருக்கும் லா சலுட் பேட்டைக்காரர்கள் மூச்சு வாங்காமல் வீடு போய்ச் சேர உதவும் வண்டி. பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் கவுடி வடிவமைத்த பார்க் குவெல் பூங்கா. கூகுள் மேப் "இந்த வண்டியில் ஏறு" என்று காட்டக் காட்ட, சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறைத்துவிட்டார்கள். கைத்தடியோடு நின்ற பெரியவர்களுக்கு உள்ளே கால் வைக்க இடமில்லை. கடைசியில் 2024இல் அந்தத் தடத்தையே மேப்பிலிருந்து எடுக்க வைத்தது மாநகராட்சி. தன்னுடைய பேருந்தைத் தானே ஒளித்துவைக்க வேண்டிய நிலை ஒரு நகரத்துக்கு! "மறைந்திருக்கும் பத்து அழகுகள்" என்று போடுகிற பட்டியல்கள் கொண்டுபோய் விடுவது இந்த இடத்தில்தான். அந்தப் பாவத்தில் இந்தப் பக்கத்துக்குப் பங்கு வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் முதலில் பார்க்கப்போவது ரயில் வரைபடம். அதை நம்பாதீர்கள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடம்தான் உலகத்தில் பாதி ரயில் வரைபடங்களுக்கு முன்னோடி. மின்சுற்றுப் படம் மாதிரி நேர்கோடுகள், சம இடைவெளிகள். எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்பதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. தூரம் மட்டும் அதில் இருக்காது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் நிலையம் சுமார் 260 மீட்டர்தான். படத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் சுரங்கத்துக்குள் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே ஏறி வருகிறவர்கள் இன்றும் உண்டு. நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒரு நகரத்தில் நமக்குத் தெரியாத பகுதிகள் பெரும்பாலும் இந்த மாதிரி இரண்டு நிலையங்களுக்கு நடுவில்தான் கிடக்கின்றன. போக வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள். செலவில்லாத வைத்தியம்.

நடக்கும்போது கோணலான தெருவைக் கண்டால் விடாதீர்கள். நேரான தெருக்கள் திட்டம் போட்டவர்களுடையவை. வளைந்த தெரு பெரும்பாலும் அவர்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 1811 திட்டப்படி தெருக்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். அதற்கு முன்பே தனிக் கிராமமாக இருந்த கிரீனிச் வில்லேஜ் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பழைய தெருக்களுக்குப் புது எண்ணை ஒட்டியதோடு சரி. அதனால் அங்கே மேற்கு 4ஆம் தெரு போய் 10ஆம் தெருவை வெட்டும், அப்புறம் 11ஐ, 12ஐ. கணக்கு வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுப்பார். ஒரு பெரிய நகரம் விழுங்கியும் செரிக்காத கிராமம் எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

பள்ளமும் அப்படித்தான். லண்டனில் ஹோல்பர்ன் வயாடக்ட் என்று 1869இல் திறந்த ஒரு பாலம் இருக்கிறது. அதன் மேல் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது பாலம் என்றே தெரியாது, ஏனென்றால் கீழே ஆறு இல்லை, சாலைதான் ஓடுகிறது. பள்ளத்தை வெட்டிய ஃப்ளீட் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக மூடப்பட்டுச் சாக்கடையாகிப் பூமிக்கடியில் போய்விட்டது. கிளார்க்கன்வெல் பகுதியில் ரே தெருவில் ஒரு இரும்புச் சல்லடை மூடி உண்டு. வண்டிச் சத்தம் ஓய்ந்த நேரத்தில் குனிந்து கேட்டால் அடியில் தண்ணீர் ஓடுவது கேட்கும். நுழைவுச்சீட்டு கிடையாது, பலகை கிடையாது, வரிசை கிடையாது. நடுத்தெருவில் குனிந்து நிற்பவரை நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதுதான் செலவு.

கூட்டம் மொய்க்கும் இடத்துக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள் என்பது என் இன்னொரு சிபாரிசு. லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தின் முன்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டத்திலிருந்து சில நிமிட நடையில் போஸ்ட்மேன்ஸ் பார்க் இருக்கிறது. பக்கத்துத் தலைமைத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் மதியம் வந்து உட்கார்ந்ததால் வந்த பெயர். அங்கே ஒரு மரத் தாழ்வாரம். அதன் சுவரில் வரிசையாகப் பளபளக்கும் பீங்கான் பலகைகள். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்காக ஓவியர் ஜி.எஃப். வாட்ஸ் எழுப்பியது, 1900இல் திறந்தது. ஆலிஸ் அயர்ஸ் என்ற பெண்ணுக்கு ஒரு பலகை. கொத்து வேலைக் கூலியின் மகள், 1885 ஏப்ரல் 24, எரியும் வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றித் தன் இளம் உயிரைக் கொடுத்தவர் என்று சில வரிகள். அடுத்த பலகையில் இன்னொருவர். ஒவ்வொன்றும் சில வரிதான். மூன்று படித்ததும் நகர முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவீர்கள். (பட்டியல் இல்லை என்று சொல்லிவிட்டு ஊரையே சொல்கிறாயே என்று பாயாதீர்கள். இது பொதுப் பூங்கா, யார் வீட்டு வாசலும் இல்லை.)

வீட்டு வாசல் என்றால் வேறு நியாயம். பிரான்சின் லியோன் நகரத்தில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் கட்டடங்களின் வயிற்றுக்குள்ளேயே போகும் நடைவழிகள் உண்டு. திராபூல் என்பார்கள். பட்டுத் தொழிலாளர்கள் துணி நனையாமல் தூக்கிப்போக அவை உதவின. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடமிருந்து நழுவவும் உதவின. வெளியே பார்த்தால் சாதாரண வீட்டுக் கதவு. தள்ளினால் இருட்டான நடை, கல் படிக்கட்டு, மேலே சதுரமாக ஒரு துண்டு வானம், ஓரமாகத் தபால் பெட்டிகள். அந்தப் பெட்டிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர். வழியைத் திறந்துவைக்கக் குடியிருப்பவர்கள் நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டிருப்பதால்தான் நாம் உள்ளே வர முடிகிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு போவது மரியாதைக்காக மட்டும் இல்லை. பத்துப் பேர் சத்தம் போட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

வரவேற்று உள்ளே விடுகிற வழியும் இருக்கிறது. சாதாரண நாளில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை இலவசமாகத் திறந்து காட்டும் ஓப்பன் ஹவுஸ் 1992இல் லண்டனில் தொடங்கியது. இப்போது பல நாட்டு நகரங்களில் நடக்கிறது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007இல் டொராண்டோவில் ஆரம்பித்த ஜேன்ஸ் வாக் இன்னொன்று. மே மாதத்தில் பேட்டைக்காரர்களே தங்கள் பேட்டையைக் கூட்டிப்போய் நடந்து காட்டுவார்கள். உங்கள் தேதியில் அந்த ஊரில் இப்படி ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் என்கிறீர்கள். மூன்று நாளை எல்லோரும் போகும் இடங்களுக்கே கொடுங்கள். அவை அலுத்துவிட்டன என்று சொல்வது கொஞ்சம் பம்மாத்து. முதல்முறை போகிற ஊரில் எதுவும் அலுத்திருக்க முடியாது. நாலாவது நாள் ஒரே ஒரு பேட்டை. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை, அதே தெருவில் நடங்கள். ஒருமுறை நான் பேருந்தில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது. திரும்பும் வண்டிக்கு முக்கால் மணி நேரம். எதிர்வீட்டுப் பெரியவர் பெயின்ட் டப்பாவில் வளர்த்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் வேண்டுமென்றே அதே நேரத்துக்குப் போய் நின்றேன். "இன்னைக்கும் தூங்கிட்டீங்களா?" என்றார்.

போய்வந்து எழுதுங்கள், போடுகிறேன். தெருப் பெயரை மட்டும் நான் அடித்துவிடுவேன்.