தையல் ஆறுகிறது... சுற்றிலும் ஏன் இந்த அரிப்பு?

கேள்வி: முழங்கால் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்து அரிக்கிறது. சீழ் பிடிக்கிறதோ என்று பயந்து ஆன்டிபயாடிக் களிம்பு தடவினேன். இன்னும் அதிகமாகிவிட்டது!

பதில்: முதலில் களிம்பை நிறுத்துங்கள். அதில் நியோமைசினோ பாசிட்ராசினோ இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். அலர்ஜி கிளப்புவதில் இரண்டுமே பேர்போனவை. ஃப்ராமைசெட்டினும் நியோமைசின் வகைதான். இதை விட்டு அதற்கு மாறிப் பயனில்லை.

அடுத்து, சிவப்பின் எல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் பிளாஸ்திரியின் ஓரத்தோடு நின்றால், பசைமேல்தான் சந்தேகம். களிம்பு வழிந்த இடமெல்லாம் பரவியிருந்தால் களிம்புமேல். கிருமித் தொற்று பெரும்பாலும் தையல் கோட்டிலிருந்து கிளம்பும். அரிப்பைவிட வலியும் சூடும் முந்தும். சீழ், நாற்றம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையல் பிரிதல் — இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். உள்ளே செயற்கை மூட்டு வைத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

பத்து நாள் கழித்து வருவானேன்? புதுப் பொருளை உடல் 'பகையாளி' என்று பதிந்துகொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஏற்கெனவே பதிந்திருந்தால் ஓரிரு நாளிலேயே கிளம்பிவிடும்.

புண்ணுக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, மேலே ஒட்டாத காஸ் துணி, அதைப் பிடிக்க இறுக்காமல் சுற்றிய பேண்டேஜ் போதுமா என்று சர்ஜனைக் கேளுங்கள். ஒட்டியே ஆகவேண்டுமென்றால் சிலிக்கோன் டேப். அரிப்புக்கு ஸ்டீராய்டு கிரீமை அவர் எழுதித் தந்தால், சுற்றியுள்ள தோலில் மட்டும் தடவுங்கள். திறந்த புண்ணில் படக்கூடாது.

கேள்வி: எதனால் வந்தது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பதில்: தெரியாது. இது தாமதமாக வரும் ஒவ்வாமை. 'பேட்ச் டெஸ்ட்'தான் வழி. சொறி முழுக்க அடங்கிச் சில வாரம் போகட்டும். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்துப் பார்ப்பார்கள். நான்காம் நாள் வாக்கில் மறுபடியும். நியோமைசின் சிலருக்கு ஏழாம் நாள்தான் வெளிப்படும், அந்த வருகையைத் தவறவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு பொய்த்துப்போகும். ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் உறை, களிம்பு டியூப் இரண்டையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.