ஃபெஸ்டினுஸ்: லத்தீன்காரர்களின் அவசரம்

கே: ஃபெஸ்டினுஸ் என்றால் 'விரைவான' என்று அகராதியில் இருக்கிறது. வேகமான குதிரைக்கு இதைப் போடலாமா?

ப: வேண்டாம். குதிரைக்கு வெலோக்ஸ், கெலெர் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாம் மிதிக்கும் ஆக்சிலரேட்டர்கூட கெலெர் வழி வந்ததுதான். ஃபெஸ்டினுஸ் என்பது ஆளின் பரபரப்பு. பஸ் கிளம்பப்போகிறது, ஒரு கால் செருப்பைக் காணோம், அந்த நிலைமை. அவர் வேகமாக நடப்பவரா என்பது வேறு விஷயம்.

கே: அக்கா, அவசரமாக வந்த மாலுமியை 'நௌட்டா ஃபெஸ்டினா' என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். இரண்டும் ஆகாரத்தில்தானே முடிகின்றன?

ப: எதுகை மோனை பார்த்துப் பெயரடை சேராது தம்பி, பால் பார்த்துத்தான் சேரும். நௌட்டா ஆண்பால். அதனால் நௌட்டா ஃபெஸ்டினுஸ். எல்லாரும் ஒரு தடவை விழும் குழிதான்.

கே: பெயரடை என்கிறீர்கள். மொழிபெயர்ப்பில் 'அவசரமாக' என்று வினையடையாக வருகிறதே?

ப: நல்ல கேள்வி. ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஏனெயிட் காவியம், ஒன்பதாம் காண்டம். மகன் யூரியலஸ் செத்துவிட்டான் என்று கேட்டதும் தாயின் கையிலிருந்து தறிக்கோல் நழுவுகிறது. உனக்காக நெய்த துணி இது என்று அழுகிறாள்: 'நொக்டெஸ் ஃபெஸ்டினா டியெஸ்க்வெ உர்கேபாம்'. நொக்டெஸ் இரவுகள், டியெஸ் பகல்கள். இரண்டுக்கும் நடுவில் ஃபெஸ்டினா இடுக்கிக்கொண்டு நிற்கிறது பாருங்கள். தமிழில் 'ராப்பகலாக அவசர அவசரமாக நெய்தேன்' என்போம், அவசரம் வேலையோடு ஒட்டிக்கொள்ளும். லத்தீனில் அது பெண்பால் விகுதியோடு அவள்மேலேயே ஒட்டியிருக்கிறது. அந்த வரியைத் தமிழில் கொண்டுவர எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

கே: அப்போ 'ஃபெஸ்டினா லென்டே'யில் இருப்பதும் இதே சொல்லா?

ப: இல்லை, அது ஏவல் வினை, கடைசி உயிர் நெடில். வர்ஜில் வரியில் குறில், தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. 'ஃபெஸ்டினா லென்டே' என்றால் 'மெல்ல விரை'. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இதைக் கிரேக்க மொழியில் அடிக்கடி சொல்வாராம், அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். நம் 'பதறாத காரியம் சிதறாது' பக்கத்தில் வரும், ஆனால் அதில் 'விரை' இல்லை.

கே: ப்ரொபெருஸ் என்றாலும் 'விரைவான' என்றுதான் இருக்கிறது. அதுவும் ஃபெஸ்டினுஸும் ஒன்றா?

ப: பழைய ரோம எழுத்தாளர் கேட்டோ இவற்றின் வினைகளை வைத்துப் பிரித்தார். ஒரு வேலையை எடுத்துக் காலத்தில் முடிப்பவன் செய்வது ப்ரொபெராரே. பலதையும் ஒன்றாக ஆரம்பித்து எதையும் முடிக்காதவன் செய்வது ஃபெஸ்டினாரே. (நான் இரண்டாவது ரகம்.) எல்லாரும் இந்த வித்தியாசத்தை மதித்து எழுதினார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கே: யோசிக்காமல் பாய்பவனுக்கு?

ப: ப்ரைகெப்ஸ். ப்ரை முன்னால், காபுட் தலை. அப்படியே நம் 'தலைகுப்புற'.