கீமோவுக்கு முன்பு கருமுட்டையைச் சேமிக்க நேரம் இருக்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் கீமோ. அதற்குள் கருமுட்டையை எடுத்து வைக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார். சிகிச்சை தள்ளிப்போகாதா? ஹார்மோன் ஊசியால் நோய் கூடாதா? கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இந்தச் சோதனையெல்லாம் எப்படிச் செய்வார்கள்?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: மூன்று வாரம் போதும் அம்மா. ஆனால் அதில் ஒரு வாரத்தை யோசனையிலேயே கழித்துவிடாதீர்கள். முன்பெல்லாம் மாதவிலக்குக்காகக் காத்திருந்துதான் முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஊசியைத் தொடங்குவார்கள். இப்போது எந்த நாளிலும் தொடங்கலாம். தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டையை எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் அடுத்த சில நாளில் கீமோ ஏற்றலாம். ஆபரேஷன் புண் ஆறும் நேரத்திலேயே இது முடிந்துவிடும்.

கீமோவுக்கு முன்பே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் சைக்ளோபாஸ்பமைடு சூலகத்தை அதிகம் பாதிக்கும் மருந்து. கீமோ முடிந்தபின் மாதவிலக்கு திரும்பலாம், 24 வயதில் பெரும்பாலும் திரும்பும். அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்ப முடியாது, முட்டை இருப்பு குறைந்திருக்கும். முதல் கீமோ ஏறிய பிறகு எடுத்தால் முட்டையும் குறைவாகக் கிடைக்கும், கிடைப்பதில் மரபணுச் சேதமும் இருக்கலாம்.

முதலில் புற்றுநோய் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் நிலை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனால் வளரும் வகை நோயா என்பதைக் காட்டுவது) உண்டா இல்லையா, என்னென்ன கீமோ மருந்து, எந்தத் தேதியில் தொடக்கம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு டாக்டர்களும் போனிலாவது ஒரு தடவை நேராகப் பேசிக்கொள்வது அவசியம். கருத்தரிப்பு மையத்தில் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து முட்டை இருப்பைக் கணிப்பார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி சோதனைகளும் சேமிப்புக்கு முன் கட்டாயம்.

பிறகு தினமும் ஒரே நேரத்தில் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி. இதை வீட்டிலேயே போடலாம், அல்லது பக்கத்து நர்ஸைப் போடச் சொல்லலாம். சில மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அம்பையிலிருந்து திருநெல்வேலிக்கு வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஐஸ் பெட்டி வேண்டும், மருந்து ஐஸ்கட்டியை நேராகத் தொடக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஹார்மோன் பயம் நியாயமானதுதான். அதற்காகவே லெட்ரசோல் 5 மில்லிகிராம் மாத்திரையையும் தினமும் சேர்த்துத் தருவார்கள். அது ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். இந்த முறையால் நோய் திரும்புவது கூடியதாக இதுவரை வந்த ஆய்வுகளில் தெரியவில்லை.

அதிகம் தவறு நடப்பது கடைசி ஊசியில்தான். முட்டையை முதிரவைக்கும் ஊசி அது. திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால் புதன் காலை 10 மணியளவில் எடுப்பார்கள். நேரம் பிசகினால் முட்டை முதிராமலோ, முன்பே வெளியேறியோ போய்விடும். போட்ட நேரத்தைத் தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். எடுத்தபின் வயிறு உப்பி, மூச்சு வாங்கினாலோ, காலில் வலியோடு வீக்கம் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

கல்யாணம் ஆகாத பிள்ளை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேனை வயிற்றின் மேல்வழியாகவே பார்க்கலாம், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் தெளிவாகத் தெரியும். முட்டை எடுப்பது வழக்கமாகப் பிறப்புறுப்பு வழியாக, மயக்கத்தில், அரைமணி நேரத்துக்குள். சூலகம் எட்டும் இடத்தில் இருந்தால் சில மையங்களில் வயிற்றின் வழியாகவும் எடுப்பார்கள். எந்த வழி என்பதை மகளே கேட்டுத் தெரிந்து, அவளே கையெழுத்திட வேண்டும். டாக்டருடன் அவள் தனியாகப் பேச கொஞ்ச நேரம் விடுங்கள். “நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்ல” என்ற கவலையை அந்த அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

இந்த வயதில் 10, 15 முட்டை கிடைத்தால் நல்லது. எல்லாம் குழந்தையாகிவிடாது. உறையவைத்ததைப் பின்னால் உருக்கும்போது சில வீணாகும், கருவாகாமலும் சில போகும். இதோடு கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, சூலகத்தைத் தற்காலிகமாக ஓய்வில் வைக்கும் கோசெரலின் ஊசியை 28 நாளுக்கு ஒருமுறை போட்டால் சூலகத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. அதை மட்டும் நம்பி முட்டைச் சேமிப்பை விட்டுவிடக் கூடாது.

ஏற்பி உள்ள நோயானால் ஐந்து வருடமோ மேலோ ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை இருக்கும். 18 முதல் 30 மாதம் சாப்பிட்டபின், டாக்டர் மேற்பார்வையில் இரண்டு வருடம் வரை நிறுத்திக் குழந்தை பெற்றுக்கொள்வதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை.

மையம் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவானதா என்று சான்றிதழைப் பாருங்கள். 21 வயது நிறைந்த பெண் கல்யாணமாகாமலேயே முட்டை சேமிக்கலாம், கால வரம்பு 10 வருடம். சேமிப்புக்கு வருடக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். முதிர்ந்த முட்டை எத்தனை உறையவைத்தார்கள் என்ற அறிக்கை மகள் பெயரில் இருக்கட்டும். செல்போன் எண் மாறினால் மையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.